நெல்லைச் சீமையில் நீச்சல் குளத்துக்கு ஹீட் பம்ப்: குளிரைவிடக் காற்றைக் கவனியுங்கள்

திருநெல்வேலி வெயிலுக்கு நீச்சல் குளத்தில் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி விடியற்காலையில் ஒரு குளத்தில் இறங்கிப் பார்த்தால் அப்புறம் கேட்க மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் 31, 32 டிகிரி வரை ஏறும் அதே தண்ணீர், மார்கழி, தையில் 25, 26-க்கு வந்துவிடும். வேகமாக நீந்திப் பயிற்சி எடுப்பவருக்கு 26 முதல் 28 டிகிரி சரி. விளையாடும் பிள்ளைகளுக்கும், மூட்டுவலிக்காகத் தண்ணீருக்குள் நடக்கும் பெரியவர்களுக்கும் 29, 30 வேண்டும். ஆக நமக்குக் குறைவது மூன்று நான்கு டிகிரிதான். அந்த மூன்று நான்கு டிகிரிக்கு எவ்வளவு பெரிய மெஷின் போடுவது, எவ்வளவு கரண்ட் ஆகும், எது கெடும், ஏன் கெடும் என்பதுதான் இங்கே பேச்சு.

மெஷினோடு வரும் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர் தேசத்துக்காக எழுதியவை. பனி உறைவது, குழாய் வெடிப்பது, குளிர்காலத்துக்கு மூடி வைப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும். பாளையங்கோட்டைக்கும் வள்ளியூருக்கும் அது வேண்டாத பாடம். இங்கே குளத்தின் சூட்டைக் கொண்டுபோவது காற்று. மெஷினைக் கெடுப்பது போர்வெல் தண்ணீரும் கரண்டும்.

ஹீட் பம்ப்பில் இருப்பவை ஏசியில் உள்ள பாகங்களேதான். ஃபேன் வெளிக்காற்றை இழுத்து, தகடு தகடாக இருக்கும் காயில் வழியே விடுகிறது. காயிலுக்குள் ஓடும் கேஸ் அந்தக் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி இன்னும் சூடாக்கி, டைட்டானியக் குழாய்ச் சுருளுக்கு அனுப்புகிறது. அந்தச் சுருளைச் சுற்றிக் குளத்துத் தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்றும் தண்ணீரும் 27 டிகிரியை ஒட்டி இருந்தால், ஒரு யூனிட் கரண்டுக்கு (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) சுமார் ஐந்து யூனிட் வெப்பம் கிடைக்கும். காற்று 15 டிகிரிக்கு இறங்கினால் இந்த விகிதம் நன்றாகக் குறைந்துவிடும். நம் பக்கம் மார்கழி விடியலில்கூடக் காற்று 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். எனவே மெஷின் என்றைக்கும் தன் நல்ல நிலையிலேயே ஓடும்.

இனி கணக்கு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு வீட்டுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 38,400 லிட்டர். ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 யூனிட் வெப்பம் வேண்டும். இந்தக் குளத்துக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 45 யூனிட், மூன்று டிகிரிக்கு 134 யூனிட். சாதாரண எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்தால் மீட்டரில் அந்த 134-ம் அப்படியே ஓடும். ஹீட் பம்ப்பில் 27 ஓடும்.

ஏற்றுவது ஒரு நாள் செலவு. ஏற்றியதைக் காப்பாற்றுவதுதான் தினச் செலவு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சூடு எங்கே போகிறது

பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ, அதனால்தான் குளமும் குளிர்கிறது. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் கணக்குக் குளத்தின் மேற்பரப்பு 32 சதுர மீட்டர். நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு 21 யூனிட்டுக்கு மேல் வெப்பமும் போயிற்று. அதாவது முழுக் குளமும் கிட்டத்தட்ட அரை டிகிரி இறங்கும். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் இறங்கினால் இரண்டரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. பகல் வெயில் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும், ராத்திரி போனது போனதுதான். தரையில் தோண்டிக் கட்டிய குளத்தில் சுவர் வழியும் அடி வழியும் போகும் சூடு இதோடு ஒப்பிட்டால் சொற்பம். மொட்டை மாடியில் கட்டிய குளத்துக்கு மட்டும் பக்கச் சுவரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மெஷின் விலை கேட்பதற்கு முன்னால் இதை உங்கள் குளத்தில் அளந்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, படிக்கட்டில் முக்கால்வாசி மூழ்கும்படி வையுங்கள். மிதக்காமல் இருக்க வாளிக்குள் ஒரு கல் போடலாம். வாளிக்குள் நீர்மட்டமும் வெளியே குளத்து மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். தண்ணீர் தானாக நிரம்பும் மிதவை வால்வு இருந்தால் அடைத்துவிடுங்கள். 24 மணி நேரம் யாரும் இறங்க வேண்டாம். பிறகு ஸ்டீல் ஸ்கேலால் இரண்டையும் அளங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவி. குளம் அதிகமாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கசியும் குளத்துக்கு ஹீட் பம்ப் வாங்குவது, சுட்ட தண்ணீரைக் காசு கொடுத்து மண்ணுக்குள் விடுவது. முதலில் கசிவை அடையுங்கள். கூடவே, சாயங்காலம் 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் ஓரடி ஆழத்தில் தெர்மாமீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி இழப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். மெஷின் அளவை முடிவு செய்ய இந்த இரண்டு எண் போதும்.

ஒரே ஆடி, இரண்டு ஊர், இரண்டு சிக்கல்

ஆனி, ஆடியில் குற்றாலம், செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஒரு மாதிரி, நாங்குநேரி, பணகுடி, ராதாபுரம் பக்கம் வேறு மாதிரி. ஒரே ஊர்க்காரர் இரண்டு தோட்டத்து வீட்டிலும் ஒரே மெஷினைப் போட்டால் ஒன்றில் திருப்தி, ஒன்றில் புலம்பல் என்று ஆவதற்குக் காரணம் இதுதான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுக்காகத்தான் அந்தத் தெற்குப் பக்கம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வருவதால் அது காய்ந்த கச்சான், அதாவது மேல்காற்று. வெயிலும் இருக்கும், காற்றும் இருக்கும், தண்ணீர் கண்முன்னே இறங்கும். 35 டிகிரி வெயில் அடிக்கும் நாளில்கூடக் குளத்துத் தண்ணீர் 27-ஐத் தாண்டாமல் இருப்பது இதனால்தான். இங்கே முதல் காசைக் காற்றுத் தடுப்புக்கும் மூடுவிரிப்புக்கும் போட வேண்டும், மெஷின் அதற்குப் பிறகு.

குற்றாலச் சாரல் பக்கம் கதை வேறு. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது குறைவு. ஆனால் நாள் கணக்கில் வெயில் முகம் காட்டாது, தண்ணீர் 24, 25-இல் நின்றுவிடும். மழைத் தண்ணீர் விழுந்து குளம் குளிர்ந்துவிட்டது என்று எல்லோரும் மழையைத் திட்டுவார்கள். கணக்குப் போட்டால் மழைக்கு அதில் பங்கே இல்லை. 20 மில்லிமீட்டர் மழை என்றால் நம் குளத்தில் 640 லிட்டர், மொத்தத்தில் அறுபதில் ஒரு பங்கு. அது ஏழு டிகிரி குளிர்ந்து விழுந்தாலும் குளம் இறங்குவது பத்தில் ஒரு டிகிரிதான். குளிரவைத்தது மேகம், வரவேண்டிய வெயிலை அது மறைத்துவிட்டது. சோலார் பாய் விரித்துச் சூடாக்குபவர்கள் சாரல் மாதங்களில் கைவிடப்படுவதும் இதனால்தான். ஹீட் பம்ப்புக்கோ அந்த ஈரக் காற்று லாபம். காயிலில் பட்டு ஈரம் தண்ணீராக மாறும்போது அதன் சூடும் மெஷினுக்குக் கிடைக்கிறது. சீசன் பங்களாக்களில் ஹீட் பம்ப் நன்றாக வேலை செய்வதன் ரகசியம் அது.

விரிப்பும் தடுப்பும்

குமிழி விரிப்பு, 400 அல்லது 500 மைக்ரான். குமிழி தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும், வழவழப்பான பக்கம் வானத்தைப் பார்க்கட்டும். ராத்திரி முழுக்க மூடினால் ஆவி இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். வாங்குகிற எந்த மெஷினும் இதற்கு ஈடாகாது. சுற்றி வைக்க ரோலர் இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் யாரும் மூட மாட்டார்கள், விரிப்பு கார் ஷெட்டுக்குப் போய்விடும். அதனால் ரோலர் செலவைத் தனியாக நினைக்காதீர்கள். சுருட்டிய விரிப்பை வெயிலில் விட்டால் குமிழிகள் ஒன்றோடொன்று சுட்டு நொறுங்கும், மேலே வெள்ளைத் துணியோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள். குளோரின் அதிகம் போட்டுச் சுத்தம் செய்த ராத்திரியில் மூடக் கூடாது. குளோரின் 3 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) இறங்கிய பிறகு மூடுங்கள், இல்லையேல் விரிப்பு வெளுத்து உதிரும்.

கச்சான் வீசும் ஊரில் விரிப்பின் மேற்கு ஓரத்தைக் காற்று தூக்கி மறு ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடும். செங்கல் வைக்காதீர்கள், உள்ளே விழுந்து டைல்ஸ் உடையும். தண்ணீர் நிரப்பிய நீளப் பைகளோ, ஓரத்தில் கண்ணி வைத்துக் கயிறோ போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த விரிப்பு பிள்ளைகளைத் தாங்காது. மேலே கால் வைத்த குழந்தை உள்ளே போனால் விரிப்பு மறுபடி மேலே மூடிக்கொள்ளும், வெளியே இருப்பவருக்குத் தெரியாது. குளத்தைச் சுற்றிப் பூட்டுப் போட்ட வேலி தனியாக வேண்டும். நீந்தும்போது விரிப்பைப் பாதி மட்டும் சுருட்டி விடுவதும் கூடாது, முழுவதும் எடுத்துவிட வேண்டும்.

காற்றுத் தடுப்பு மேற்கிலும் தென்மேற்கிலும். உயரமான மதில் மட்டும் கட்டினால் காற்று மதிலைத் தாண்டிக் குதித்துச் சுழன்று குளத்தின் மேலேயே விழும். பாதிக் காற்று ஊடே போகிற மாதிரித் தடுப்புதான் நல்லது: 50 சதவீத நிழல்வலை, கீற்று வேலி, அடர்த்தியான செடி வரிசை. தடுப்பின் உயரத்தைப் போல எட்டு, பத்து மடங்கு தூரம் வரை அதன் பலன் தெரியும். ஆறடி வலை ஒன்று நம் 8 மீட்டர் குளத்துக்குத் தாராளம். சவுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள், அதன் ஊசி இலை, மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையை நாள்தோறும் அடைக்கும்.

செயற்கை அருவி, சிங்கவாய்க் குழாய், விளிம்பு வழியும் குளம் எல்லாம் பார்க்க அழகு. தண்ணீரைச் சூடேற்றிய பிறகு அவை ஒவ்வொன்றும் ஒரு குளிர்விப்பான். விருந்தாளி வரும்போது ஓட்டுங்கள், ராத்திரியில் நிறுத்திவிடுங்கள்.

எவ்வளவு பெரிய மெஷின்

கடைக்காரர் "அஞ்சு எச்பி போட்டா போதும் அண்ணாச்சி" என்பார். எச்பி கணக்கில் வாங்கவே வாங்காதீர்கள். அது கம்ப்ரசர் எச்பியா, தரும் வெப்பமா என்று அவருக்கே தெளிவிருக்காது. வெப்ப வெளியீடு எத்தனை கிலோவாட், எந்தக் காற்று வெப்பத்தில், எந்தத் தண்ணீர் வெப்பத்தில் என்று கேளுங்கள். பட்டியலில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் சூடான ஈரக் காற்றில் எடுத்தது. நம் ஊருக்கு அந்த எண் ஓரளவு பொருந்தும் என்பது அதிர்ஷ்டம். பி.டி.யு. கணக்கில் சொன்னால் 3,412-ஆல் வகுத்துக் கிலோவாட் ஆக்கிக்கொள்ளுங்கள். 44,000 பி.டி.யு. என்றால் ஏறத்தாழ 13 கிலோவாட்.

நம் குளத்துக்கு 13 கிலோவாட் போதுமா? விரிப்பு போட்டு ஒரு நாள் இழப்பு ஒன்றரை டிகிரி என்றால் 67 யூனிட் வெப்பம், ஐந்து மணி நேர ஓட்டம், 13 யூனிட் சொச்சம் கரண்ட். விரிப்பில்லாமல் மூன்று டிகிரி போனால் பத்து மணி நேரம், 27 யூனிட். முதல் நாள் 26-இலிருந்து 29-க்கு ஏற்றப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி இழப்பையும் சேர்த்தால் ஒன்றரை நாள். இது போதுமான வேகம். சனி, ஞாயிறு மட்டும் வந்து போகும் தோட்டத்து வீட்டுக்கு ஒரு படி பெரியது எடுக்கலாம், வெள்ளிக்கிழமை போட்டால் சனிக்கிழமை தயாராகிவிடும். தினமும் நீந்துபவருக்கு, தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை நல்லது. பாதி வேகத்தில் ஓடும்போது ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வெப்பம் கூடுகிறது, சத்தமும் குறைவு, ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்குவதும் இல்லை.

வைக்கும் இடம்

மோட்டார் ரூமுக்குள் வைக்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும், மழையில் நனையுமே என்று பதறி உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். மெஷின் வெளியே வைப்பதற்கென்றே செய்தது. மூடிய அறைக்குள் அது துப்பும் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுக்கும். அறை குளிரும், தண்ணீர் சூடேறாது. ஃபேனுக்கு முன்னால் குறைந்தது இரண்டு மீட்டர் வெட்டவெளி, காயில் பக்கம் அரை மீட்டர் விடுங்கள். ஃபேன் மேற்கைப் பார்த்தால் கச்சான் அதை எதிர்த்துத் தள்ளும், வடக்கோ தெற்கோ பார்க்க வையுங்கள். அடியில் ஆறு அங்குலக் கான்கிரீட் மேடை, நான்கு காலுக்கும் ரப்பர், தண்ணீர் ஓட வழி. தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம், காய் விழுந்து ஃபேன் கூண்டு நசுங்கும்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று கடலோரமாக இருந்தால் காயிலுக்குப் பூச்சுக் கொடுத்த தகடு உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், உப்பு தங்கினால் அலுமினியத் தகடு பொடிப் பொடியாக உதிரும். திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மணல் தூசி, ரைஸ் மில் பக்கத்தில் உமித் தூசி. இரண்டும் காயிலை அடைக்கும். கழுவும்போது ஹோஸ் தண்ணீரை மெதுவாக விடுங்கள். கார் கழுவும் பிரஷர் மெஷினைக் காட்டினால் தகடுகள் மடங்கிக் காற்று போக வழியே இருக்காது.

குழாய்

வரிசை இதுதான்: பம்ப், மணல் ஃபில்டர், ஹீட் பம்ப், அதற்குப் பிறகு குளோரின் கலக்கும் குளோரினேட்டர், பிறகு குளம். குளோரினேட்டரை ஹீட் பம்ப்புக்கு முன்னால் போடக் கூடாது, கெட்டிக் குளோரின் தண்ணீர் நேரே சுருளுக்குள் போகும். பின்னால் போட்டாலும் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும், பம்ப் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி வரும். ஸ்கிம்மர் கூடைக்குள் குளோரின் மாத்திரை போடும் பழக்கத்தையும் விடுங்கள். ராத்திரி முழுக்க அங்கே ஊறிய அமிலத் தண்ணீரைக் காலையில் பம்ப் முதல் மடக்காக மெஷினுக்குத்தான் கொடுக்கும்.

மூன்று வால்வு வைத்த பைபாஸ் கட்டாயம். மெஷினுக்குப் போகும் வழியில் ஒன்று, வரும் வழியில் ஒன்று, இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒன்று. மெஷினைக் கழற்றினாலும் குளம் ஓட வேண்டும், அதற்குத்தான். 1 எச்பி பம்ப் தரும் ஓட்டம் 13 கிலோவாட் மெஷினுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருக்கும், மிச்சம் குறுக்கு வழியே போகட்டும். மெஷினில் வரும் யூனியனை (குழாயை இணைக்கும் மரை) கையால் இறுக்கினால் போதும். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை விரியும், அது வாரண்டியில் வராது. குழாய்களைச் சொல்யூஷன் போட்டு ஒட்டிய பிறகு ஒரு நாள் காயவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

முதல் ஓட்டத்தில் மூன்று வால்வையும் முழுதாகத் திறந்து, 29 டிகிரி வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு திரையில் உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர் இரண்டின் வெப்பத்தையும் பாருங்கள். மணிக்கு 5,000 லிட்டர் ஓடினால் 13 கிலோவாட் மெஷினில் வித்தியாசம் இரண்டு டிகிரியும் கொஞ்சமும் வரும். நான்கைந்து டிகிரி காட்டினால் ஓட்டம் போதவில்லை, குறுக்கு வால்வைக் கொஞ்சம் அடையுங்கள். அரை டிகிரிதான் காட்டுகிறது என்றால் ஓட்டம் மிக அதிகம், குறுக்கு வால்வு முழுதாகத் திறந்திருந்தும் அப்படியே நின்றால் உள்ளே போகும் வால்வைக் கொஞ்சம் குறையுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் மெஷினில் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம்.

இதனால்தான் வீட்டுக்காரர் முதல் நாள் குளத்துக்குள் தண்ணீர் பாயும் வாயில் கையை வைத்துவிட்டு, "தம்பி, மெஷின் ஓடுது, தண்ணி சுடவே இல்லியே" என்று போன் போடுகிறார். இரண்டு டிகிரி கைக்குத் தெரியாது. கெய்சர் மாதிரி சுடச் சுட வந்தால்தான் கோளாறு.

போர் தண்ணீர்

தாமிரபரணித் தண்ணீர் கிடைக்கும் வீட்டுக்கு இந்தக் கவலை குறைவு. போர் தண்ணீரில் நிரப்பும் குளத்தில் கடினத்தன்மையைச் சோதித்தே ஆக வேண்டும். குளத்துக்கு 200 முதல் 400 பிபிஎம் நல்லது. போரிலேயே 600 என்று வந்தால் ஆரம்பமே தவறு. சுண்ணாம்பு உப்பு சூட்டில் கரையாமல் பிரியும் குணம் உள்ளது, குளத்தில் மிகச் சூடான இடம் மெஷினுக்குள் இருக்கும் சுருள். படியும் முதல் இடமும் அதுதான். பிஎச் 7.8-ஐத் தாண்டினால் இன்னும் வேகமாகப் படியும். 7.2 முதல் 7.6-க்குள் வையுங்கள், மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு குளத்திலேயே தங்கும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மாதத்தில் 9,600 லிட்டர், குளத்தில் நான்கில் ஒரு பங்கு. அவ்வளவையும் 600 பிபிஎம் தண்ணீரால் ஈடுகட்டினால் குளத்தின் கடினத்தன்மை 150 ஏறும். ஃபில்டரில் தண்ணீரை எதிர்ப்பக்கம் விட்டுக் கழுவும் பேக்வாஷில் கொஞ்சம் வெளியே போகும், அவ்வளவுதான். விரிப்பு போடுவது கரண்டுக்கு மட்டுமல்ல, சுருளுக்கும் காவல். கடினத்தன்மை எல்லை தாண்டிய குளத்தில் பாதித் தண்ணீரை வெளியேற்றி, நல்ல தண்ணீர் லாரி விடுவதைத் தவிர வேறு வழியில்லை. மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை வடிகட்டி விடுவது புத்திசாலித்தனம்.

சுண்ணாம்பு படிந்துவிட்டால், மெஷின் அதிக அழுத்தம் என்று நிற்க ஆரம்பிக்கும். இரண்டு வால்வையும் அடைத்து, யூனியனைக் கழற்றி, வாளியும் சின்ன மோட்டாரும் வைத்து 5 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுங்கள், குளத்துக்குள் அல்ல. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றும் ஆட்கள் உண்டு. டைட்டானியம் குளோரினுக்கும் உப்புக்கும் அசையாது, ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதை அரிக்கும்.

கரண்ட்

13 கிலோவாட் மெஷின் இழுப்பது சுமார் 2.6 கிலோவாட், சிங்கிள் பேஸில் 11, 12 ஆம்பியர். தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், 20 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), சரியான எர்த். மழைக்கு விழுகிறது என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரே இணைத்துக் கொடுக்கும் எலக்ட்ரீஷியனை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். தண்ணீரில் ஆள் இருக்கும் இடம் அது. விழுந்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

ஊரோரத் தோட்டங்களில் சாயங்காலம் 180 வோல்ட், நடுராத்திரி 250. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் ரிலே ஒன்று போடுங்கள், கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் தாமதித்து இணைக்கும் வகையாக இருக்கட்டும். மூன்று பேஸ் மெஷினுக்கு, போர் மோட்டாருக்குப் போடும் அதே சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் நிறுத்திவிடும் ரிலே) வேண்டும். லைனில் வேலை பார்த்துவிட்டு பேஸ் மாற்றிக் கொடுத்தால் ஸ்க்ரோல் கம்ப்ரசர் எதிர்ப்பக்கம் சுற்றிக் கரகரவென்று சத்தம் போடும், உடனே நிறுத்த வேண்டும். தோட்டத்து இலவச விவசாய இணைப்பில் குளத்தை ஓட்டுவது குற்றம், அபராதம் வரும். வீட்டு இணைப்பில் லோடு கூட்டி வாங்கிவிடுங்கள்.

செலவு: விரிப்போடு நாளுக்கு 13.4 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 804 யூனிட். விரிப்பில்லாமல் 1,600. வீட்டு உபயோகத்தோடு சேர்ந்து 1,000 யூனிட் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகிறது, எனவே வித்தியாசம் எட்டாயிரத்துக்கு மேல். இதில் எல்லோரும் மறப்பது தண்ணீர் பம்ப்பை. 1 எச்பி பம்ப் மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டித் தின்னும். முன்பு நாலு மணி நேரம் டைமரில் ஓடியது இனி எட்டு, பத்து மணி நேரம் ஓடும், டைமரை மாற்றாவிட்டால் மெஷினுக்கும் நாலு மணி நேரம்தான். மெஷின் ஓடும்போது மட்டும் பம்ப் ஓடுகிற மாதிரி இணைப்புக் கொடுப்பது நல்லது, மெஷின் நின்ற பிறகும் ஓரிரு நிமிடம் பம்ப் ஓட வேண்டும். வேகம் மாற்றக்கூடிய பம்ப் என்றால் இந்தச் செலவு பாதிக்கு மேல் குறையும். ஓட்டுவதற்கு நல்ல நேரம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை. காற்று சூடாக இருக்கும், மாடியில் சோலார் இருந்தால் அதுவும் அப்போதுதான் தருகிறது.

சின்னக் கோளாறுகள்

மெஷினுக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். காற்றின் ஈரம் வியர்த்து ஊற்றுகிறது, சாரல் நாளில் குடம் நிறையும். சந்தேகமென்றால் அந்தத் தண்ணீரில் குளோரின் சோதனைத் தாளை நனையுங்கள். குளோரின் காட்டினால் கசிவு, காட்டாவிட்டால் வியர்வை.

ஓட்டம் இல்லை என்று நின்றால் பத்தில் ஒன்பது முறை ஃபில்டர் அழுக்கு. ஃபில்டர் சுத்தமாக இருந்தபோது அதன் அழுத்தக் கேஜ் காட்டியதைவிட 8, 10 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும், பேக்வாஷ் கொடுங்கள். குறைந்த அழுத்தம் என்று நின்றால் முதலில் காயிலைக் கழுவிப் பாருங்கள், அப்புறம்தான் கேஸ். கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை, அதை அடைக்காமல் நிரப்புவது காசைக் காற்றில் விடுவது. மெஷினில் இருப்பது ஆர்-32 என்றால் அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ். வேக்குவம் எடுத்து, பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் தராசு வைத்து நிரப்பத் தெரிந்த ஆளையே கூப்பிடுங்கள். திடீரென்று திரை செத்துப்போனால் மூடியைக் கழற்றிப் பாருங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு. சர்க்யூட் பலகைக்குக் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடக்கும், அல்லது கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்சுக்குள் எறும்பு. ஒயர் நுழையும் ஓட்டைகளைச் சிலிக்கானால் அடைத்துவிட்டால் இந்தச் செலவு இல்லை. பலகை நம்மூரில் கிடைக்காது, வாங்கும்போதே உதிரிபாகம் எங்கிருந்து எத்தனை நாளில் வரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பங்குனி பாதியிலிருந்து மெஷினுக்கு வேலையிருக்காது. தண்ணீர் 32-ஐத் தாண்டி வெந்நீராகிறது என்பவர்கள் குளிர்விக்கும் வசதி உள்ள மாடல் வாங்கியிருந்தால் ராத்திரியில் அதைப் போடலாம். இல்லாதவர்கள் ராத்திரி விரிப்பை எடுத்துவிட்டு அருவியை ஓடவிட்டாலே இரண்டு டிகிரி வரை இறங்கும். ஓட்டாமல் விடும் மாதங்களில் இரண்டு வால்வையும் அடைத்து, அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து சுருளில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, காற்றுப் போகும்படியான துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பலகை பச்சை பூக்கும். ஆனி பிறந்ததும் வடிகால் மூடியைப் போட்டு, வால்வுகளைத் திறந்து, பம்ப்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் காற்றுக் குமிழி எல்லாம் போன பிறகு மெஷினைப் போடுங்கள்.